லெட்ஜரை அனுப்பாதீங்க சார், ஸ்டேட்மெண்ட் அனுப்புங்க

நான் படிச்சது பி.காம். டெபிட், கிரெடிட் தாண்டி பெரிசா ஒண்ணும் தெரியாது. ஆனாலும் இன்னைக்கு சிவில் இன்ஜினியர்களோட சண்டை போடப்போறேன். கடல் தாண்டி உக்காந்துக்கிட்டு ஊர்ல வீடு கட்டற ஆளுங்க கொஞ்சம் பக்கத்துல வாங்க.

நான் இருக்கறது போர்ட் பிளேர். 2024 செப்டம்பர்ல ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்தியாச்சு, வாய்க்குத்தான் இன்னும் பழகலை. வீடு எழும்பினது ராமநாதபுரம் பக்கம், அப்பா விட்டுட்டுப்போன அஞ்சு சென்ட்ல. இங்கேயிருந்து கப்பல்ல சென்னை போகவே ரெண்டரை மூணு நாள் ஆகும். அதனால எல்லாமே போன்லதான்.

"பிளான் ரெடி சார், மெயில் பாருங்க"ன்னார் இன்ஜினியர். பார்த்தா டிடபிள்யூஜின்னு வால் வெச்ச ஒரு ஃபைல். போன் திறக்க மாட்டேன்னுடுச்சு. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல எதையும் இன்ஸ்டால் பண்ண முடியாது (பேங்க்காரங்களுக்குப் புரியும்). "பிடிஎஃப்பா அனுப்புங்களேன்"னு கேட்டேன். "ஆட்டோகேட் தெரிஞ்ச யார்கிட்டயாவது காட்டிக்கோங்க சார்"னார். காசு கொடுக்கறது நான், என் வீட்டைப் பார்க்க நான் ஆள் தேடணுமாம்!

ரெண்டு நாள் கழிச்சு மனசு இரங்கி, கம்ப்யூட்டர் ஸ்கிரீனைப் போன்ல படம் பிடிச்சு என் மச்சானுக்கு வாட்ஸப் பண்ணினார். வாட்ஸப் அதை இன்னும் நசுக்கிடுச்சு. மச்சான் அதை ஏ4ல பிரிண்ட் போட்டு மேஸ்திரி கையில கொடுத்தார். ஒன்பதரை அடின்னு இருந்தது மேஸ்திரி கண்ணுக்கு எட்டரை அடி. சமையலறைக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல உள்ள சுவரை ரெண்டு தடவை கட்டினோம். செங்கல், சிமெண்ட், கூலி எல்லாம் என் கணக்குல பற்று. மேஸ்திரி மேல எனக்குக் கோபமே இல்லை. தெரிஞ்சதைத்தான் அவர் கட்டினார்.

இப்ப என் கேள்வி. பேங்க்ல உங்க கணக்கைக் கேட்டா நாங்க லெட்ஜரையா தூக்கிக் கொடுக்கறோம்? ஸ்டேட்மெண்ட் கொடுக்கறோம். தேதி போட்டு, யார் திறந்தாலும் ஒரே மாதிரி தெரியற மாதிரி. டிடபிள்யூஜி உங்க லெட்ஜர் சார். அதுல எழுதலாம், அழிக்கலாம், நகர்த்தலாம். உங்க மெஷின்ல இருக்கற எழுத்துரு என் மெஷின்ல இல்லேன்னா வேற மாதிரி தெரியும். கூட இணைச்ச ஃபைல் வராம போச்சுன்னா பாதிப் படம் காணாமப் போகும். பிடிஎஃப் 1993ல அடோபி கொண்டுவந்தது. 2008லயே ஐஎஸ்ஓ தரமும் ஆயிடுச்சு. ஆட்டோகேட்லயே பிடிஎஃப்பா மாத்தற வசதி இருக்கு. அஞ்சு நிமிஷ வேலை.

"பிடிஎஃப் கொடுத்தா டிசைனைத் திருடிடுவாங்க"ன்னு ஒரு வாதம் கேட்டேன். சிரிப்பா வருது. திருடணும்னா டிடபிள்யூஜிதானே வசதி, அப்படியே பேரை மாத்திக்கலாம்! பிடிஎஃப்பையும் திரும்ப ஆட்டோகேட்டுக்குள்ள இழுக்கலாம், 2017 பதிப்புலயே அது வந்துடுச்சு, மறுக்கலை. ஆனா அதுக்கு மெனக்கெடணும். "ஃபைல் பெரிசு, உங்க தீவுக்கு வராது"ங்கறது இன்னொரு சாக்கு. 2020 ஆகஸ்ட்ல சென்னையிலிருந்து இங்கே கடலடி கேபிள் வந்தாச்சு, சுமார் 2300 கிலோமீட்டர். அதுக்கு முன்னாடி சேட்டிலைட்டை நம்பி இருந்த காலத்துல சொல்லியிருந்தா ஒத்துக்குவேன்.

ஆனா பிடிஎஃப்னு பேர் வெச்சு எதையாவது அனுப்பினாலும் ஆகாது. ஏ1 தாளுக்கு, நூத்துக்கு ஒண்ணுன்னு வரைஞ்சதை "ஃபிட் டு பேப்பர்" போட்டு ஏ4ல அடிச்சா அளவு ஏறக்குறைய மூணுல ஒரு பங்காச் சுருங்கிடும். மூணு மீட்டர் ரூம் 30 மில்லிமீட்டர் இருக்கவேண்டிய இடத்துல 11கூட வராது. ஓரத்துல "ஸ்கேல் 1:100"னு மட்டும் கம்பீரமா நிக்கும். அதனால எந்தத் தாள், எந்த ஸ்கேல், எந்தத் தேதி, எத்தனாவது திருத்தம், நாலையும் படத்துலயே போடச் சொல்லுங்க. ஒரு ஸ்கேல் பாரும் வரையச் சொல்லுங்க. படம் சுருங்கினா அதுவும் கூடவே சுருங்கும், ஏமாறமாட்டோம். தேதி ரொம்ப முக்கியம். எங்க வீட்டுக்கு மூணு பிளான் வந்தது, மூணுக்கும் பேர் "ஃபைனல்".

தமிழ்ல அறைப்பேர் எழுதற புண்ணியவான்களுக்குத் தனியா ஒரு வேண்டுகோள். பாமினி மாதிரி பழைய எழுத்துருல அடிச்சா, அது இல்லாத கம்ப்யூட்டர்ல "பூஜை அறை" இங்கிலீஷ் எழுத்துக் குப்பையா வந்து நிக்கும். பிடிஎஃப்ல எழுத்துருவைப் பதிச்சுட்டா அந்தத் தொல்லை இல்லை.

லோன் டெஸ்க்ல உக்காந்து பார்க்கறவன் சொல்றேன். அப்ரூவல் ஆன பிளான் ஒண்ணு, கையில இருக்கற படம் ஒண்ணு, கட்டற வீடு வேற ஒண்ணுன்னா கடன் தவணை தவணையா வரும்போது மாட்டிக்கறது இன்ஜினியர் இல்லை, நீங்கதான். ஃபீஸ் பேசும்போதே, அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி, "ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிடிஎஃப் வேணும்"னு சொல்லிடுங்க. நான் அட்வான்ஸ் கொடுத்த அப்புறம் கேட்டேன்.

டிஸ்கி: சிவில் நண்பர்கள் தாராளமா திட்டலாம். டிடபிள்யூஜியில மட்டும் திட்டாதீங்க, என்னால திறக்க முடியாது.