வெறுங்கல் என்னும் வீண்பேச்சு

ரவாங் ஒட்டுக்கடைகளிலும் தோட்டத்துக் கோயில் மண்டபங்களிலும், படித்தவர் பாமரர் என்ற பேதமின்றி எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்ட அபிப்பிராயம் ஒன்று உண்டு: சுண்ணாம்பு மலை வெறுங்கல், பால்மரமும் செம்பனையும் நிற்கிற மண்ணைப்போல் அது எதையும் விளைவிக்காது, ஆகையால் அதை உடைத்துச் சிமெண்டாக்குவதில் யாதொரு நஷ்டமும் இல்லை. 1953-இல் இங்கே எழுந்த சிமெண்டு ஆலை எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நன்றிக்காகப் பொய்யை மெய்யென்று சாதிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

மலாயாத் தீபகற்பத்தின் நிலப்பரப்பில் இக்குன்றுகள் நூற்றுக்கு அரைப்பங்குகூட இரா. இருந்தும், தாவர சாஸ்திரி சின் சீ சுங் 1977 முதல் 1983 வரை வெளியிட்ட ஆராய்ச்சியில் இவற்றின்மீது 1,216 வகைச் செடிகொடிகள் கணக்கிடப்பட்டுள்ளன. டெம்ப்ளர் பூங்காப் பக்கம் நிற்கும் தக்கூன் மலை, அதன் அண்டையிலுள்ள அனாக் தக்கூன், அப்பால் பத்துமலை ஆகிய மூன்றையன்றி உலகில் வேறெங்கும் காணப்படாத மாக்ஸ்பரெட்டியா ரூப்பிகோலா என்னும் சிறு பனை, பாறை உச்சியின் வெயிலிலே வேரூன்றி நிற்கிறது. குகைவாயில்களின் நிழலை நாடும் மோனோபில்லேயா என்ற பூண்டோ, முளைக்கையில் தோன்றும் இரண்டு வித்திலைகளுள் ஒன்று மடிய, மற்றொன்றையே ஆயுள் முழுதும் வளர்த்துப் பெரிதாக்கி, வேறு இலையே விடாமல், அந்த ஒற்றை இலையின் அடியிலிருந்தே பூத்துவிடுகிறது. பாராபோயா இனத்துச் செடிகள் மழை பொய்த்தால் சருகாய்ச் சுருண்டு, மழை கண்டதும் மறுபடி பசுமை கொண்டு விரிகின்றன. செத்ததென்று நாம் தீர்மானித்த பின்னும் பிழைத்துக்கொள்கிற அவற்றுக்கு வெடிமருந்தை வெல்லும் வித்தை மட்டும் தெரியாது.

பிடுங்கி வேறிடத்தில் நட்டால் ஆயிற்று என்பாரும் உளர். பாறைப் பிளவில் அங்குலக் கணக்கில் தங்கிய சுண்ணாம்பு மண்ணுக்கே பழகிய பூண்டைத் தோட்டத்துச் செம்மண்ணுக்கு மாற்றிவிடலாமென்பது, ரப்பர் நாற்று நட்டுப் பழகிய கையின் அகங்காரம். அப்படியே தொட்டியில் ஒன்றிரண்டு பிழைத்தாலும், அவை திரும்பிச் செல்ல மலை ஏது?

பத்துமலையில் கைவைத்தால் நாம் பதறுவது முருகனுக்காக, செடிகளுக்காக அன்று. ஆண்டவனைக் குறிஞ்சிக் கிழவன் என்று வாயார வாழ்த்திக்கொண்டே, அவன் குன்றில் பூத்ததை ஏறெடுத்தும் பாராமல் காவடி சுமந்து போகிறோம். கோயில் இல்லாத குன்றுக்கோ பரிந்து பேசவே ஆளில்லை.

கல்லுடைக்க உரிமம் வழங்குவது மாநில அரசின் அதிகாரம். சிலாங்கூரில் இனி எந்தக் குன்றுக்கும் உரிமம் அளிக்குமுன், அதன்மேல் வளரும் செடிகளின் பட்டியலைத் தயாரித்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டுமென்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள்.