சேமலாபக் காசு நம்முடையது. அதைப் பற்றிப் பேசும் மேசையில் நமக்கும் இடம் வேண்டும்



திறைசேரி முறி, வங்கிச் சட்டம், நிதிச் சந்தை என்று பத்திரிகையில் செய்தி வந்தால், அது கொழும்பில் கோட்டு போட்டவர்களின் விவகாரம் என்று நம்மில் பலர் பக்கத்தைத் திருப்பி விடுகிறோம். ஆனால் 2023ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் வங்கிகளைப் பற்றியும் அரச கடனைப் பற்றியும் வந்த சட்ட மாற்றங்கள், கொழுந்து பறிக்கும் கைகளின் சேமிப்பை நேரடியாகத் தொட்டிருக்கின்றன. ஈ.பி.எப். என்று நாம் சொல்லும் ஊழியர் சேமலாப நிதியம்தான் அந்தச் சேமிப்பு. அதற்கு என்ன நடந்தது, இனி என்ன கேட்க வேண்டும் என்பதை இந்த இதழில் எழுதுகிறோம்.

முதலில் நம்முடைய கணக்கைப் பார்ப்போம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இந்த நிதியம் தொடங்கப்பட்டது. இன்று நம் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்படுகிறது. நிர்வாகம் 12 வீதம் சேர்க்கிறது. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தை வைத்துக் கணக்குப் பாருங்கள். நம் பங்கு 108 ரூபா, நிர்வாகத்தின் பங்கு 162 ரூபா. ஒரு நாள் பேருக்கு 270 ரூபா. மாதம் 20 நாள் வேலை செய்தால் 5,400 ரூபா. இது துரை தரும் தானமும் அல்ல, அரசாங்கம் தரும் நிவாரணமும் அல்ல. நாம் உழைத்த கூலியின் ஒரு பகுதி, கைக்கு வராமல் வயதான காலத்துக்கென்று ஒதுக்கி வைக்கப்படுகிறது. பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் அது கைக்கு வர வேண்டும்.

தோட்டத்து ஆள் மட்டும் இதில் இல்லை. 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வெளியேறித் திருகோணமலைப் பக்கம் குடியேறிய நம் குடும்பங்கள் பல. அவர்களுடைய பிள்ளைகள் இன்று சீனக்குடாவில் மா ஆலையிலும் சீமெந்து ஆலையிலும், துறைமுகத்தைச் சுற்றியுள்ள கம்பனிகளிலும், உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களிலும் வேலை செய்கிறார்கள். லயத்தில் ரொட்டி சுடும் மாவில் ஒரு பகுதி சீனக்குடாவில் அரைத்ததுதான். அரைத்தவருடைய சேமலாபமும் ரொட்டியைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போகிறவருடைய சேமலாபமும் ஒரே நிதியத்தில்தான் கிடக்கின்றன. அந்த நிதியத்தில் இருப்பது மூன்று இலட்சம் கோடி ரூபாவுக்கும் மேல். இந்த நாட்டில் இதைவிடப் பெரிய சேமிப்பு நிதியம் வேறில்லை.

இவ்வளவு காசும் எங்கே இருக்கிறது? பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. பெரும் பகுதி அரசாங்கத்துக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. திறைசேரி முறி என்பது வேறொன்றும் இல்லை, அரசாங்கம் எழுதிக் கொடுத்த கடன் பத்திரம். இன்ன வருடம் முதலைத் திருப்பித் தருகிறேன், அதுவரை இத்தனை வீதம் வட்டி தருகிறேன் என்பது அதிலுள்ள வாக்கு. தொழில் திணைக்களம் நிதியத்தின் நிர்வாகத்தைப் பார்க்கிறது. காசை முதலீடு செய்யும் பொறுப்பு மத்திய வங்கியின் சபையிடம் இருக்கிறது. அந்தச் சபையில் காசுக்குச் சொந்தக்காரரான தொழிலாளரின் பிரதிநிதி ஒருவரும் இல்லை.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். முந்திய வருடம் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமான் ஏறக்குறைய 170 ரூபா. அதே வருடத்துக்குச் சேமலாப நிதியம் நமக்குக் கொடுத்த வட்டி 9 வீதம். ஒரு இலட்சம் வைத்திருந்தவரின் கணக்கில் ஒரு இலட்சத்து ஒன்பதாயிரம் என்று பதிந்தார்கள். கடையில் அந்தக் காசுக்கு முந்திய வருடம் கிடைத்த அரிசியும் பருப்பும் கிடைக்கவில்லை. நெருக்கடியின் முதல் பங்கை நாம் அப்போதே கட்டி விட்டோம்.

பிறகு 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் உதவித்திட்டம் வந்தது. கடன் சுமையைக் குறைக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அதற்காக வந்ததுதான் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு. ஜூன் மாதக் கடைசியில் திட்டம் வெளியிடப்பட்டது. ஜூன் 29 முதல் ஜூலை 3 வரை ஐந்து நாள் வங்கிகள் மூடியிருந்தன. அதற்குள், ஜூலை 1ஆம் திகதி சனிக்கிழமை, பாராளுமன்றம் கூடி 122க்கு 62 என்ற வாக்கில் அதை நிறைவேற்றியது. தோட்டத்தில் சம்பளத்துக்கு ஐம்பது ரூபா கூட்டிக் கேட்டால் மாதக்கணக்கில் பேச்சுவார்த்தை நடக்கும். நம் வாழ்நாள் சேமிப்பைப் பற்றிய முடிவுக்கு ஒரு வாரம்கூடத் தேவைப்படவில்லை.

திட்டத்தின் சாரம் இது. சேமலாப நிதியத்தைப் போன்ற ஓய்வுகால நிதியங்கள் தம்மிடமுள்ள பழைய முறிகளைக் கொடுத்துவிட்டுப் புதிய முறிகளை எடுக்க வேண்டும். புதியவற்றுக்கு 2025 வரை 12 வீத வட்டி, அதன் பிறகு 9 வீதம். முதல் திரும்பி வருவது 2027 தொடங்கி 2038 வரை. “கட்டாயம் இல்லை, விருப்பம்” என்றார்கள். ஆனால் மாற்றிக் கொடுத்தால் முறி வருமானத்துக்கு 14 வீத வரி, கொடுக்காவிட்டால் 30 வீத வரி என்று வருமான வரிச் சட்டத்தைத் திருத்தினார்கள். இதை விருப்பம் என்று எந்த அகராதி சொல்கிறதோ தெரியவில்லை. 2023 செப்டெம்பரில் சேமலாப நிதியம் முறிகளை மாற்றிக் கொடுத்தது.

வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளைத் தொடவில்லை. அதற்கு அரசாங்கம் சொன்ன காரணங்களை மறைக்காமல் சொல்வோம். வங்கிகள் ஏற்கனவே வருமானத்தில் பாதிக்கு மேல் வரியாகக் கட்டுகின்றன என்றார்கள். வங்கி ஆட்டம் கண்டால் வைப்பாளர்கள் காசை எடுக்க ஓடுவார்கள், நாடே நின்றுவிடும் என்றார்கள். இரண்டாவது காரணத்தில் உண்மை உண்டு. நம் தாய்மார் சீட்டுக் காசையும் நகை அடகு மீட்கும் காசையும் வங்கியில்தான் வைத்திருக்கிறார்கள். வங்கி விழுவதை நாம் விரும்பவில்லை. வங்கிகளின் மூலதனத்தைப் பலப்படுத்த 2024 வரவு செலவுத் திட்டத்தில் 45,000 கோடி ரூபா ஒதுக்கப்பட்டது. வைப்பாளருக்குக் காப்புறுதியும் இருக்கிறது. இவை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வங்கியில் காசு போட்டவரின் பயம் அரசாங்கத்துக்குக் கேட்கிறது. சேமலாபத்தில் காசு போட்டவரின் பயம் ஏன் கேட்பதில்லை என்பதுதான் நம் கேள்வி.

விடை எளிது. வங்கி வைப்பாளர் நாளைக்கே போய்க் காசை எடுக்கலாம். சேமலாபக்காரர் எடுக்க முடியாது. ஓட முடியாதவரிடம் பேச வேண்டிய அவசியம் இல்லை. வெளிநாட்டு முறிக்காரர்களைப் பாருங்கள். அவர்கள் குழு அமைத்து, சட்டத்தரணிகளையும் ஆலோசகர்களையும் வைத்து, ஒரு வருடத்துக்கு மேல் பேரம் பேசினார்கள். 2024 டிசம்பரில்தான் அவர்களுடைய முறி மாற்றம் முடிந்தது. இருவரும் இதே அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தவர்கள்தான். ஒருவருக்கு மேசையும் நாற்காலியும் கிடைத்தன. மற்றவருக்கு ஒரு கடைசித் திகதி கிடைத்தது.

“நட்டம் எங்கே? 2023க்கு 13 வீதம் வட்டி தந்தோமே” என்று கேட்கிறார்கள். தந்தது உண்மை. விலைவாசி இறங்கிய பிறகு 9 வீதமும் மோசமான வட்டி இல்லை என்பதும் உண்மை. ஆனால் இது 2038 வரை போகும் ஏற்பாடு. இன்று பத்தொன்பது வயதில் செக்ரோலில் பேர் பதிந்த பிள்ளைக்கு அப்போது முப்பது தாண்டியிருக்கும். இடையில் விலைவாசி மறுபடி ஏறினால், பெரும்பகுதிக் காசு 9 வீதத்தில் கட்டுண்டு கிடக்கும். பத்து இலட்சம் இருப்புள்ள ஒருவருக்கு வட்டி ஒரு வீதம் குறைந்தால் வருடத்துக்கு 10,000 ரூபா போகும். 1,350 ரூபா நாட்சம்பளக் கணக்கில் அது ஏழு நாள் பேருக்கும் அதிகம். ஏழு நாள் மழையில் நனைந்து மலையேறிய கூலி.

இன்னும் இரண்டு சட்டங்களை நாம் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம். அரசாங்கத்துக்காக மத்திய வங்கி காசு அச்சடித்து முறிகளை நேரடியாக வாங்குவதை அது தடுக்கிறது. விலைவாசி தாறுமாறாக ஏறாமல் இருக்க அது நல்லது. ஆனால் அச்சடித்த காசு கிடைக்காத அரசாங்கம் கடனுக்கு வேறு கதவுகளைத் தட்டும். பெரிய கதவு சேமலாப நிதியம். ஆகவே இனி அந்தக் கதவைக் காவல் காப்பது முன்னரைவிட அவசியம்.

இரண்டாவது, 2024இல் நிறைவேறிய பொதுப் படுகடன் முகாமைத்துவச் சட்டம். அதுவரை அரசாங்கத்துக்காகக் கடன் பத்திரங்களை விற்றதும் மத்திய வங்கி, சேமலாபத்துக்காக அவற்றை வாங்கியதும் மத்திய வங்கி. ஒரே ஆள் விற்பவருக்கும் தரகர், வாங்குபவருக்கும் தரகர். 2015 பெப்ரவரியில் நடந்த பிணைமுறி ஏல விவகாரத்தை ஆராய்ந்த ஜனாதிபதி ஆணைக்குழு, சேமலாப நிதியம் நட்டப்பட்ட கதையையும் வெளியே கொண்டு வந்தது. கடன் எடுக்கும் வேலையை நிதியமைச்சின் கீழ் ஒரு தனி அலுவலகத்துக்கு மாற்றுகிறது புதிய சட்டம். இது சரியான திசையில் ஒரு அடி. ஆனால் வாங்கும் பக்கத்தில் தொழிலாளியின் கண் இன்னும் இல்லை.

இது நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். இந்தியாவில் சேமலாப நிதியின் மத்திய அறங்காவலர் சபையில் தொழிலாளர் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். நம் உறவுகள் இறப்பர்த் தோட்டங்களில் உழைத்த மலேசியாவிலும் அந்த நிதியத்தின் சபையில் தொழிலாளர் தரப்புக்கு இடம் உண்டு. நம் நாட்டிலும் தொழிலாளர் எழுந்து நின்றபோது சட்டம் பின்வாங்கியிருக்கிறது. 2011இல் தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்துக் கட்டுநாயக்க வர்த்தக வலயத்துத் தொழிலாளர் வீதிக்கு இறங்கினார்கள். பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் ரொஷேன் சானக்க என்ற இளம் தொழிலாளி உயிரிழந்தார். அந்தச் சட்டமூலம் கைவிடப்பட்டது. அந்த விலையைக் கொடுத்துக் காப்பாற்றிய காசு இது.

ஆகவே நம் கோரிக்கைகள் நான்கு.

ஒன்று: சேமலாப நிதியத்தின் முதலீட்டைத் தீர்மானிக்கும் சபையில், தோட்டத்துறை உட்படத் தொழிற்சங்கங்கள் தெரிவு செய்யும் பிரதிநிதிகளுக்குச் சட்டப்படி இடம் வேண்டும்.

இரண்டு: நிதியத்தைத் தொடும் எந்தச் சட்டமும் மூன்று மொழியிலும் வெளியிடப்பட்டு, தொழிலாளர் கருத்துச் சொல்லப் போதிய காலம் கொடுத்த பிறகே வாக்கெடுப்புக்குப் போக வேண்டும்.

மூன்று: நம் காசு எந்தெந்த முறியில், எத்தனை வீதத்தில் இருக்கிறது என்ற விபரம் விளங்கக்கூடிய தமிழில் ஒவ்வோர் அங்கத்தவருக்கும் வர வேண்டும்.

நான்கு: சம்பளத்தில் கழித்த காசை நிதியத்துக்கு அனுப்பாமல் வைத்திருக்கும் நிர்வாகங்களிடம், அவை தனியாரோ அரசோ, மிகைக்கட்டணத்தோடு அறவிட வேண்டும். அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் காசு போய்ச் சேர வேண்டும் என்பதும் பிந்தினால் 50 வீதம் வரை மிகைக்கட்டணம் என்பதும் ஏற்கனவே சட்டம். புதிதாக ஒன்றும் கேட்கவில்லை.

கோரிக்கை வைப்பவர்கள் தம் வீட்டுக் கணக்கையும் சரியாக வைத்திருக்க வேண்டும். இந்த மாதம் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு வேலை செய்யட்டும். அங்கத்தவர் ஒவ்வொருவரும் தம் கணக்கு அறிக்கையை எடுத்துப் பார்க்கட்டும். அடையாள அட்டையில் ஒரு பேர், செக்ரோலில் ஒரு பேர், நிதியத்தில் இன்னொரு பேர் என்று இருந்தால் இப்போதே திருத்துங்கள். ஓய்வு பெற்ற பிறகு திருத்தப் போய்த் தொழில் அலுவலகத்துக்கும் தோட்டத்து ஆபீசுக்கும் அலைந்த பாட்டிமாரை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். பின்னுரித்தாளர் பேர் பதிந்திருக்கிறதா, இறந்து போனவர் பேரிலேயே கிடக்கிறதா என்று பாருங்கள். எழுத வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பாடசாலைப் பிள்ளைகள் வாசித்துச் சொல்லட்டும். பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல வட்டிக் கணக்குப் பாடம் கிடையாது.

திருகோணமலையில் ஹோட்டலிலும் கடையிலும் கொந்தராத்திலும் வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. “தற்காலிக ஆளுக்கு ஈ.பி.எப். இல்லை” என்று முதலாளி சொன்னால் நம்பாதீர்கள். தற்காலிக ஆளுக்கும் நாட்கூலிக்கும் வேலை தொடங்கிய நாளிலிருந்து அது உரிமை. சங்கத்துக்குச் சொல்லுங்கள், நாங்கள் தொழில் அலுவலகத்துக்குக் கூட வருகிறோம்.

நாட்டுக் கடனில் நமக்குப் பங்கு உண்டு என்று சொல்லித்தான் நம் சேமிப்பில் கை வைத்தார்கள். பங்கு உள்ளவருக்குப் பேச்சும் உண்டு. அடுத்த முறை நம் காசைப் பற்றிய சட்டம் பாராளுமன்றத்துக்குப் போகும்போது, அது முதலில் நம்மிடம் வந்துவிட்டுப் போகட்டும்.