கோப்பில் உள்ள மகன், வீட்டில் உள்ள மகன்

குடும்ப வேரைத் தேடுகிறவர்கள் குடிவரவுக் கோப்பு கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அமெரிக்காவில் குடியேறிய சீனக் குடும்பங்களுக்கு அங்கேதான் சிக்கலே தொடங்குகிறது. 1882ஆம் ஆண்டுச் சட்டம் சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரத் தடை போட்டது. வணிகர்கள், குடிமக்களின் பிள்ளைகள் போன்ற சிலருக்கே விலக்கு. 1906 நிலநடுக்கத்தை அடுத்து மூண்ட தீயில் சான்பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவுகள் எரிந்துபோக, சீனர்கள் பலர் தாங்கள் அங்கேயே பிறந்த குடிமக்கள் என்று சொன்னார்கள். மறுக்க ஆதாரம் இல்லை. பிறகு அவர்களின் மகன் என்ற பெயரில் யார் யார் பிள்ளைகளோ கப்பலேறினார்கள். 1910 முதல் 1940 வரை இயங்கிய ஏஞ்சல் தீவுக் குடிவரவு முகாமில், வீட்டுக்கு எத்தனை படி, அரிசி எங்கே இருக்கும் என்றெல்லாம் அதிகாரிகள் துருவினார்கள். அதற்கான விடைத்தாளைப் பயணத்திலேயே மனப்பாடம் செய்து, கரைசேருமுன் கடலில் வீசிவிடுவார்கள். அந்த ஒப்பித்தல்தான் இன்று அரசு முத்திரையோடு ஆவணமாக இருக்கிறது.

இதனால்தான் ஓவியர் ஃப்ளோ ஓய் வாங் 2000ஆம் ஆண்டில் அதே தீவில் வைத்த படைப்பை வெறும் அலங்காரமாகத் தள்ள முடியாது. அமெரிக்கக் கொடிகளோடு அரிசிச் சாக்குத் துணியைச் சேர்த்துத் தைத்து, முகாமில் அடைபட்டவர்கள் மறைத்த அடையாளங்களை அதில் எழுத்தாக்கினார். அவருடைய தாயே, சொந்தக் கணவரின் சகோதரி என்று பதிவாகி வந்தவர். கலைஞர் தனக்குப் பிடித்ததைத்தானே எடுத்துக்கொள்வார், அது எப்படிச் சான்றாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், குடும்ப நினைவும் பிசகும். ஆனால் கோப்பு ஒரு பெயரைத்தான் சொல்கிறது. இந்தத் துணி அந்தப் பெயரையும் அது மறைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. பொய் சொல்ல வைத்தது எந்தச் சட்டம் என்பதும் அப்போதுதான் புரிகிறது.

பெரியவர்கள் புதைத்ததை ஏன் தோண்ட வேண்டும் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். தடைச் சட்டம் 1943இல் போனது, பயம் போகவில்லை. 1956இல் அரசு உண்மையை ஒப்புக்கொள்ளச் சொன்னபோது, ஒருவர் வாய் திறந்தால் உறவுமுறை முழுதும் மாட்டிக்கொள்ளும் நிலை. அந்த மௌனம் கோழைத்தனம் அல்ல, தற்காப்பு. ஆகவே சம்பந்தப்பட்ட குடும்பத்தின் சம்மதமில்லாமல் எந்தக் கலைஞரும் இதில் கைவைக்கக் கூடாது.

ஏஞ்சல் தீவுக் கோப்புகளில் பெரும்பகுதி இன்றும் சான்புருனோவின் தேசியக் காப்பகத்தில் இருக்கிறது. அங்கே போகும் பேரப்பிள்ளைகள், முதலில் வீட்டுப் பாட்டியிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகட்டும்.