பன்னிரண்டு பாயிண்ட் பம்மாத்து

எதிர் வீட்டு ரிட்டயர்ட் கணக்கு வாத்தியார், வாங்கிய பர்சனல் லோனை முன்கூட்டியே அடைத்துவிடலாம் என்று போனார். நாலு சதவிகிதம் கூடுதல் கட்டணம் என்றார்கள். ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். அந்த ஒப்பந்தம் பி.டி.எஃப். ஆக அவர் செல்போனுக்கு வந்தது. ஓ.டி.பி. தட்டினார், கையெழுத்து ஆகிவிட்டது.

"படிக்கலையா சார்?"

"எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சுப்பா!"

கவுன்ட்டர் பையன் அசரவில்லை. "பன்னிரண்டு பாயிண்ட்ல இருக்கு சார். ரூல்படி கரெக்ட்."

கரெக்ட்தான். அதுதான் எனக்கு எரிச்சல்.

பாயிண்ட் என்பது ஈய எழுத்துக் காலத்து அளவு. 12 பாயிண்ட் ஒரு பைகா, ஆறு பைகா ஏறக்குறைய ஓர் அங்குலம். ஏறக்குறைய என்று சொல்லக் காரணம், பழைய அமெரிக்கக் கணக்கில் அங்குலத்துக்கு 72.27 பாயிண்ட். ஐரோப்பாவின் டிடோ பாயிண்ட் இன்னும் கொஞ்சம் பெரிசு. 1980-களில் அடோபி நிறுவனம் தன் போஸ்ட்ஸ்கிரிப்ட்டில் சில்லறையைத் தள்ளிவிட்டு 72 என்று வைத்துக்கொண்டது. அப்புறம் பிக்ஸல் வந்தது. வெப் கணக்கில் 12 பாயிண்ட்டுக்கு 16 பிக்ஸல். இந்த மாற்றல் கணக்கை எல்லாம் கம்ப்யூட்டர் ஒரு நொடியில் போட்டுவிடும், அதில் தகராறில்லை. 12 பாயிண்ட் என்று எதை அளக்கிறார்கள் என்பதில்தான் தகராறு.

எழுத்தை அல்ல சாமி! எழுத்து உட்கார்ந்திருந்த ஈயக் கட்டையை. ஈயம் போய்விட்டது, கட்டை மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கிறது. 12 பாயிண்ட் கட்டையின் உயரம் 4.23 மில்லிமீட்டர். அதற்குள் எழுத்தை எவ்வளவு பெரிசாக வரைவது என்பது எழுத்துரு செய்பவரின் இஷ்டம். ஏரியலில் சின்ன எக்ஸ் சுமார் 2.2 மி.மீ. வரும், டைம்ஸ் நியூ ரோமனில் 1.9. தமிழில் கேட்கவே வேண்டாம். மேலே 'கீ'யின் கொக்கிக்கும் கீழே 'து'வின் வாலுக்கும் இடம் விட்டு, மிச்சத்தில்தான் எழுத்தின் உடம்பு. ஒரு தமிழ் எழுத்துருவின் 12, இன்னொன்றின் 10 மாதிரி தெரியும். ஃப்ளாட் விற்பவர்கள் மாடிப்படி, லிஃப்ட் எல்லாம் சேர்த்து சூப்பர் பில்ட்-அப் ஏரியா சொல்வார்களே, அதே டெக்னிக். அங்காவது 2016-ல் ரியல் எஸ்டேட் சட்டம் வந்து, கார்ப்பெட் ஏரியாவைச் சொல் என்று காதைத் திருகியது.

ரிசர்வ் வங்கிக்கு நல்ல எண்ணம் இல்லாமல் இல்லை. 2000-களில் கிரெடிட் கார்டின் முக்கிய நிபந்தனைகளைக் குறைந்தபட்சம் 'ஏரியல் 12'-ல் கொடுக்கச் சொன்னது. எழுத்துருவின் பெயரையும் சொன்னதால் ஆங்கிலக்காரர் பிழைத்தார். ஆனால், ஏரியலில் தமிழே கிடையாது! தமிழில் அச்சடித்துக் கொடுக்கும் புண்ணியவான் எந்த எழுத்துருவில் 12 போடுவார்?

செல்போனுக்கு வந்தால் கதை கந்தல். ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. போன் திரை கிட்டத்தட்ட 70. பக்கம் முழுசாகத் தெரியும்போது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி, 12 பாயிண்ட் 4 பாயிண்ட் ஆகிவிடுகிறது. ஃபைலைக் கேட்டால் 12 என்றே சாதிக்கும். அது பொய் சொல்லவில்லை, தாளைப் பற்றிப் பேசுகிறது. "விரலால பெரிசு பண்ணிக்கலாமே" என்பார்கள். பெரிசு பண்ணினால் வரியின் வால் திரைக்கு வெளியே ஓடும். ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ளித் தள்ளி இருபது பக்கம் படித்துப் பாருங்கள், ஓ.டி.பி. காலாவதி ஆகியிருக்கும். பெரிய எழுத்தென்றால் காகிதச் செலவு என்று அந்தக் காலத்தில் சொன்னார்கள். பி.டி.எஃப்.புக்கு என்ன காகிதம்?

சர்க்காருக்கு இது தெரியாததா? பாக்கெட் பொருட்களுக்கான 2011-ம் வருட விதிகளில் எழுத்தின் உயரம் மில்லிமீட்டரில் இருக்கிறது, 1 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அதே 2011-ல் ஐரோப்பிய யூனியன் உணவு லேபிளுக்குப் போட்ட விதி இன்னும் கறார். சின்ன எக்ஸின் உயரம் சாதாரணமாக 1.2 மி.மீ. இருந்தாக வேண்டும். கட்டையைப் பற்றிப் பேச்சே இல்லை. பிஸ்கட்டுக்கு மில்லிமீட்டர், கடனுக்கு பாயிண்ட் என்பது என்ன நியாயம்?

பணம் சம்பந்தப்பட்ட எந்தப் பத்திரத்துக்கும் இனி பாயிண்ட் பேச்சு வேண்டாம். தமிழுக்கு 'ப' எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள், கொக்கியும் இல்லை, வாலும் இல்லை. அதன் உயரம் இத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுங்கள். தாளில் கொடுத்தால் தாளில், போனில் கொடுத்தால் போன் திரையில். திரைக்குத் தகுந்தபடி வரியை மடித்துப் போடும் வித்தை எல்லா வெப் பக்கத்திலும் இருக்கிறது. விளம்பரத்துக்கு மட்டும் அந்த வித்தையைக் கச்சிதமாகச் செய்கிறார்களே!

வாத்தியார் வீட்டுக்கு வந்து பேரனின் ஸ்கேலை போன் மேல் வைத்து அளந்தார். ஒரு மில்லிமீட்டர் கோட்டைக்கூட எழுத்து தொடவில்லை. மறுநாள் நாலு சதவிகிதத்தைக் கட்டிவிட்டு வந்தார்.