"ஒரு ராத்திரிதானே, விரிச்சு விடுப்பா!"

திருவாலங்காடு ரத்தின சபையில் நடராஜர் ஒரு காலைத் தலைக்கு மேல் தூக்கி ஆடுகிறார். அவருக்கு அது சரி. நமக்கு இரண்டு காலும் படியில் பதிய வேண்டாமா?

முகூர்த்த நாளில் கல்யாண மண்டபங்களில் மாடிப்படிக்குக் கம்பளம் விரிக்கிறார்கள். வளைவுப் படியோ உள்பக்கம் குறுகி, வெளிப்பக்கம் அகன்றிருக்கும். ஒரே நீளத் துண்டை இழுத்து விட்டால் உள்பக்கம் மடிப்பு விழும். பாட்டிமார் கால் அதில்தான் மாட்டும்.

கைதேர்ந்த தொழிலாளி படிக்குப் படி காகிதத்தில் அளவெடுப்பார், தனித்தனியாக வெட்டுவார், விளிம்பைச் சுற்றி இழுத்து, மூலையில் இறுக்குவார். ஒட்டு விளிம்பில் வராது.

இதற்கு நேரமும் கூலியும் கூடும்தான். "ஒரு ராத்திரிதானே, விரிச்சு விடுப்பா" என்கிறவர்களே, கூலி தர மனமில்லையா? வெறும் படியே மேல்! இடுப்பு ஒடிஞ்சா, அது ஒரு ராத்திரியோட போகுமா?