விடியும்வரை வள்ளி திருமணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பங்குனி உத்திர உற்சவத்தையொட்டி எங்கள் வட்டாரத்துக் கிராமமொன்றில் நடந்த ‘வள்ளி திருமணம்’ நாடகத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத அனுமதிக்க வேண்டுகிறேன். 1918-இல் மதுரையில் பாலர் சபை கண்ட தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளின் இந்நாடகத்தைப் பக்தி நாடகமென்றே பலரும் சொல்லிவருகிறார்கள். என் அபிப்பிராயத்தில், காதலும் ஹாஸ்யமும் இத்தனை சரளமாகக் கலந்த நாடகம் தமிழில் வேறில்லை.

தினைப்புனத்துப் பரணில் கவணோடு நிற்கும் வள்ளியிடம் வேடனாய் வந்து தோற்று, வேங்கை மரமாய் நின்று, பின்னர் தள்ளாடும் கிழவராய்த் தேனும் தினைமாவும் கேட்டு உண்டு, விக்கலெடுத்துத் தண்ணீருக்குத் தவிக்கிற முருகனைக் கண்டு, தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற எங்கள் எல்லைப்புறத்து ஜனங்கள், ஓசூர் ஆலையில் இரவு ஷிப்டை விட்டுவிட்டு வந்திருந்த வாலிபர்கள் உட்பட, ஒரே குரலில் சிரித்தார்கள். அண்ணன் விநாயகர் யானையாக வந்து மிரட்ட, வெறுத்த கிழவரையே வள்ளி ஓடிக் கட்டிக்கொண்டபோது பெண்கள் பக்கம் எழுந்த ஆரவாரத்தில் ஆர்மோனியமே கேட்கவில்லை.

ஒரேயொரு குறை. பபூனும் சினிமாப் பாட்டுமாக நடுநிசி கடந்து, நாரதர் தர்க்கமும் நீண்டுவிட்டபடியால், கல்யாணத்தைக் கிழக்கு வெளுக்கும் வேளையில் அவசரமாக முடித்தார்கள். (மாலை மாற்றுகையில் பாதிப்பேர் தூக்கத்தில்!) விழாக் குழுவினர் அடுத்த வருஷமாவது பபூனுக்கு ஒரு மணி நேரம் என்று வரையறுத்துவிட்டு, கிழவர் காட்சியில் மட்டும் கைவைக்காதிருக்க வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு நாடக ரஸிகன்,
வேப்பனப்பள்ளி.