கலாநிதி என். எம். பெரேராவும் மலையக மக்களும்

பொன்விழா என்பது புகழ்மாலை சூடும் நாள் மட்டுமன்று. கணக்குப் பார்க்கும் நாளுமாகும். கல்லூரியின் கணக்கை ஏனையோர் இம்மலரில் எழுதியிருப்பர். நாம் எடுத்துக்கொள்வது வேறொரு கணக்கு. இந்நாட்டு இடதுசாரி இயக்கத்துக்கும் தோட்ட மக்களாகிய எமக்கும் இடையே பல்லாண்டுகளாகத் தீராது கிடக்கும் பற்றுவரவு அது. அவ்வேட்டின் முதற்பக்கத்தில் நிற்கும் பெயர் கலாநிதி என். எம். பெரேரா.

வகுப்பிலே ஒருநாள் இப்பெயர் வந்தபோது, “இவர் எங்களுக்கு நல்லவரா, கெட்டவரா, சேர்?” என்று மாணவன் ஒருவன் கேட்டான். நாம் வாய் திறக்குமுன் மணி அடித்துவிட்டது. அன்று சொல்லாத விடையை இங்கு எழுதுகின்றோம்.

1905 இல் கொழும்பிற் பிறந்த பெரேரா, ஆனந்தாக் கல்லூரியிலும் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் பயின்று, இலண்டன் பொருளியற் கல்லூரியில் பேராசிரியர் ஹரோல்ட் லாஸ்கியின் மாணவராய் இருந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். அக்காலத்தில் அத்தகைய பட்டம் பெற்றவர் பெரும் பதவியொன்றில் அமர்ந்து சுகமாக வாழ்ந்திருக்கலாம். அவரோ 1934, 1935 ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் பரவியபோது, மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குச் சென்ற இளைஞருள் ஒருவரானார். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தோருள் அவரும் ஒருவர். அடுத்த ஆண்டே ருவன்வெல்லைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார்.

தோட்டத் தொழிலாளரிடையே தொழிற்சங்க விதையை முதலில் ஊன்றியவர் அவரல்லர். 1931 இலேயே கோ. நடேச ஐயர் அட்டனில் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிவிட்டார். எனினும், துரைமாரின் அனுமதியின்றி அயலார் எவரும் லயத்துப் பக்கம் அடிவைத்தல் குற்றமெனக் கொள்ளப்பட்ட காலத்தில், சிங்கள மொழி பேசும் படித்த இளைஞர் சிலர் எம் பாட்டன்மாரின் பக்கம் வந்து நின்றமை சிறு செய்தியன்று. 1937 இல் பிரேஸ்கேடில் என்னும் வெள்ளைக்கார இளைஞர், தோட்ட உத்தியோகத்தை இழந்தபின் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தோட்டத் துரைமாரின் கொடுமைகளை எடுத்துரைத்தார். அதற்காக அவரை நாடுகடத்த முனைந்த தேசாதிபதிக்கு எதிராக மக்களைத் திரட்டியதும், உயர்நீதிமன்றத்தில் அக்கட்டளையை வீழ்த்தியதும் சமசமாஜிகளே.

பின்னர் முல்லோயா வந்தது. ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள அத்தோட்டத்தார் நாட்கூலியில் 16 சதம் கூட்டித் தருமாறு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். 1940 ஜனவரி 10 ஆம் நாள் பொலிசாரின் குண்டுக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானான். பதினாறு சதத்துக்கு ஓர் உயிர்! அவ்வாண்டு ஊவா வரை வேலைநிறுத்தங்கள் பரவின. ஜூன் மாதத்தில் என். எம். உள்ளிட்ட தலைவர்கள் சிறைப்பட்டனர். 1942 ஏப்ரலில் கண்டிச் சிறையிலிருந்து தப்பி, கடல் கடந்து இந்தியா சென்றனர். அங்கே இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய மூன்று நாடுகளுக்கும் பொதுவான போல்ஷ்விக் லெனினிசக் கட்சியைக் கட்டும் பணியில் ஈடுபட்டு, ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்திலும் பங்கு கொண்டனர். 1943 இல் பம்பாயிற் பிடிபட்ட என். எம். மீண்டும் சிறை புகுந்தார். உழைப்பாளிக்கு நாடு ஒரு வேலியன்று என்னும் கொள்கையை அவர் ஏட்டில் மட்டும் எழுதினாரல்லர் என்பதற்கு இவை சான்று.

1948 இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது அவர் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராய் இருந்து அதனை எதிர்த்தார். 1947 தேர்தலில் எம்மவர் எழுவரைத் தம் பிரதிநிதிகளாகத் தெரிவு செய்ததோடு, வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளின் வெற்றிக்கும் கைகொடுத்தனர். எம் குடியுரிமையும், 1949 இல் எம் வாக்குரிமையும் பறிபோனமைக்கு அதுவும் ஒரு காரணமென்பதை வரலாற்றாசிரியர் மறுப்பதில்லை. ஆகவே கடன் ஒரு பக்கத்தது மட்டுமன்று. அவர்கள் எமக்காகச் சிறை சென்றனர். அவர்களுக்கு அளித்த வாக்குக்காக நாம் நாடற்றவரானோம்.

1953 இல் கூப்பன் அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஏழையின் சோற்றுக் கோப்பையில் கைவைத்து வரவுசெலவைச் சமன் செய்வது பொருளியலாகாது என்று இடதுசாரிகள் முழங்கினர். ஆகஸ்ட் 12 ஆம் நாள் நிகழ்ந்த ஹர்த்தாலின் பின் பிரதம மந்திரியே பதவி துறந்தார். அது என். எம். அவர்களின் பொதுவாழ்வின் உச்சம் எனலாம்.

உச்சிக்கு அப்பால் இறக்கமே உளது. 1964 ஜூனில் அவர் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கத்தில் நிதியமைச்சரானார். நான்காம் அகிலம் அவர் கட்சியை விலக்கியது. அவ்வாண்டு அக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியாவுக்கு எனவும், 300,000 பேரை இலங்கைக்கு எனவும், எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் எனவும் பகுத்தது. பகுக்கப்பட்டவர்களை ஒருவரும் கேட்கவில்லை. அவ்வமைச்சரவையில் என். எம். இருந்தார்.

1970 இல் மீண்டும் நிதியமைச்சரானார். 1973 இல் எண்ணெய் விலை பன்மடங்காயிற்று. உலகச் சந்தையில் அரிசி, கோதுமை, சீனி யாவும் விலையேறின. அது அவர் செய்த பிழையன்று. ஆயினும் கூப்பன் அரிசி குறைந்தபோது, மாவின் விலை ஏறியபோது, அச்சுமை எல்லார் தோளிலும் ஒருபடித்தாய் இறங்கவில்லை. கிராமத்தவர் தம் வளவில் மரவள்ளி நட்டனர். லயத்தில் இருந்தவருக்கு நடுவதற்கு நிலம் ஏது? கொழுந்து குறைந்தால் வேலைநாளும் குறைந்தது. வேலைநாள் குறைந்தால் கூலியும் இல்லை. 1974 இல் தோட்டப் பகுதிகளில் இறப்பு விகிதம் சடுதியாக உயர்ந்தது. எம் முதியோர் இன்றும் ‘பஞ்ச காலம்’ என்று சொல்லும்போது குரல் தாழ்த்திப் பேசுவது அக்காலத்தையே.

1953 இன் என். எம். அவர்களுக்கும் 1973 இன் என். எம். அவர்களுக்கும் இடையே மாறியது யாது? அவர் கல்வி மாறவில்லை. நெஞ்சும் கல்லாகிவிட்டது எனக் கூற நாம் துணியோம். கூட்டாட்சியில் ஒருவர் தனித்து என் செய்வார் என்பாரும் உளர். அதிலும் உண்மை உண்டு. 1975 இல் அவர் கட்சி அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டதற்குத் தோட்டங்களை யார் பொறுப்பேற்பது என்னும் பிணக்கும் ஒரு காரணமாயிற்று. ஆயினும் எம் கருத்து இது: மாறியது எம் நிலை. 1952 முதல் 1977 வரை எம்மவர் வாக்களித்துத் தெரிவுசெய்த உறுப்பினர் ஒருவர்தாமும் நாடாளுமன்றத்தில் இல்லை. வாக்கற்றவனின் பசி, வரவுசெலவுத் திட்டத்தில் எந்தத் தலைப்பின் கீழும் எழுதப்படுவதில்லை.

திருவள்ளுவர் அரசுக்கு நான்கு கடமைகளை வகுத்தார்: பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல், வந்ததைத் தொகுத்தல், தொகுத்ததைப் பேணல், பேணியதைப் பங்கிட்டளித்தல். முதல் மூன்றையும் கணக்கறிந்தவன் செய்துவிடலாம். நான்காவதற்குக் கணக்கு மட்டும் போதாது. பங்கு பெறுவோன் பந்தியில் அமர்ந்திருக்க வேண்டும். தோட்டங்கள் 1975 இல் அரசுடைமையானபோதும் எம்மவர் பந்தியில் இல்லை. 1977 மே மாதத்தில், தோட்டக் காணிகளைப் பிறருக்குப் பிரித்துக்கொடுப்பதை எதிர்த்து டெவன் தோட்டத்தார் திரண்டபோது, சிவனு லெட்சுமணன் பொலிசாரின் குண்டுக்கு இரையானான். கோவிந்தன் வீழ்ந்தது வெள்ளையர் ஆட்சியில், கம்பனித் துரையின் தோட்டத்தில். லெட்சுமணன் வீழ்ந்தது சுதந்திர நாட்டில். குண்டு ஒன்றே.

எனவே அம்மாணவனுக்கு எம் விடை: தம்பி, அவர் நல்லவர். 1940 இல் அவர் சென்ற சிறைக்கு நாம் நன்றியுடையோம். ஆனால், நல்லவர் ஒருவரின் நெஞ்சத்தை நம்பி ஒரு சமூகம் தன் உலையை ஏற்றிவிடலாகாது. 1979 இல் மறைந்த அப்பெரியாரை வணங்குவோம். அவர் செய்யத் தவறியதையும் மறவோம்.

2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் நாடற்றோர் என்னும் பழிச்சொல் நீங்கியது. லயம் நீங்கவில்லை. இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருள் கணக்காளர் உளர், வங்கியாளர் உளர், சட்டத்தரணிகளும் அரச அலுவலரும் உளர். பங்கிடும் பந்தியில் இன்று அமர்ந்திருப்போர் நீவிர். அன்று எமக்காகப் பேச ருவன்வெல்லையிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது. இனி அக்குரல் இம்மலைகளிலிருந்தே எழுதல் வேண்டும். கல்லூரி உமக்களித்த எழுத்தும் எண்ணும் அதற்கே பயன்படுக.